எதோடு ஒப்பிட

பதினோரு வருஷமாக இந்த வார்டில்
தரை துடைக்கிறேன், பெட்பேன் கழுவுகிறேன்,
சம்பளப் பட்டியலில் இல்லாத ஒன்றும் செய்கிறேன்:
டாக்டர்களின் மலையாளத்தை
மட்டைமில்காரர்களின் தமிழாக்கித் தருவது.
கொழிஞ்சாம்பாறையில் பாதிப்பேர் தமிழ்தான் பேசுகிறோம்.
படிவங்கள் பேசுவதில்லை.

ஒன்பதாம் கட்டிலில் துளசிமணி.
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்தவள்.
நகக்கண்ணில் இன்னும் தேங்காய்நார்த் தூசி.
நாளை காலை எட்டு மணி, கர்ப்பப்பை.
சீட்டில் அப்படித்தான் இருந்தது,
பஸ் புறப்படும் நேரம் மாதிரி.

சிஸ்டர் ஜெஸ்ஸம்மா நாலு பக்கத் தாளை நீட்டி
"இவிடெ ஒப்பிடணும்" என்றார்.
கையெழுத்தைச் சொல்கிறார்.
துளசிமணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எதோட ஒப்பிட?" என்றாள்.

கொழுந்தன் சிரித்தார்.
ஜெஸ்ஸம்மா என்னைப் பார்த்தார்.
அந்த இடத்தில் என் வேலை ஒரே வரி:
கையெழுத்துப் போடச் சொல்றாங்கக்கா, அவ்வளவுதான்.
ஆயிரம் தடவை சொன்ன வரி.
அன்று வாயில் வரவில்லை.
அவள் கேட்டதை அப்படியே மலையாளத்தில் கேட்டேன்,
எதோடு ஒப்பிட்டுப் பார்த்து, என்று.

கார்ச்சாவியோடு கிளம்பிக்கொண்டிருந்த டாக்டர் ரெஹ்னா நின்றார்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
டிபன் கேரியர் வைக்கிற நாற்காலி அது.
அதில் ஒரு டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கட்டி நெல்லிக்காய் அளவு.
மாத்திரை உண்டு.
ஆறு மாதம் பொறுத்தும் பார்க்கலாம்,
உதிரப்போக்கு கூடலாம், கூடாமலும் போகலாம்.
எடுத்துவிட்டால் அது நின்றுவிடும்,
ஆனால் மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது,
மில்லில் அதற்குக் கூலி கிடையாது.
ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன்.
இத்தனை வழி இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"எங்க வீட்டுல முடிவு பண்ணித்தான்..." என்று கொழுந்தன் ஆரம்பித்தார்.
"போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள் துளசிமணி.

அவர் போனபின் அவள் ஒன்று சொன்னாள்.
அது இங்கே வராது.

கட்டிலுக்கு மேலே சுவரில் பலகை,
மூலையில் பல்லி முட்டை ஒட்டியது.
"அதுல என்ன போட்டிருக்கு?"
தலைப்பை மட்டும் படித்தேன்:
ரோகிகளுடெ அவகாசங்ஙள்.
மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை.
சொல்ல வாயெடுப்பதற்குள்
"அவகாசம் உண்டுங்கறாங்கல்ல,
அப்ப எனக்கு மூணு நாள் குடுக்கச் சொல்லு" என்றாள்.

நான் திருத்தவில்லை.
கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் தனியாக வந்தாள்.
எடுத்துவிடலாம் என்றாள்.
தாளை முழுக்கப் படித்துச் சொல்லச் சொன்னாள்.
முக்கால் மணி நேரம் ஆயிற்று.
வாளித் தண்ணீர் ஆறிப்போக, ஜெஸ்ஸம்மா இரண்டு தரம் எட்டிப் பார்க்க,
நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி வந்தது,
இதுவரை யாருக்கும் நான் பெயர்த்திராத வரி:
மேசையில் படுத்த பிறகும்கூட
வேண்டாம் என்று சொல்லலாம்.

"அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு
தமிழில் ஒப்பிட்டாள்.
மணி, கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.

அவள் நன்றாக இருக்கிறாள்.
நான் சொல்ல வந்தது அவளை அல்ல.

ஏழு வருஷத்துக்கு முன், ஆடிமழை,
பதினான்காம் கட்டில், ஆறுச்சாமி.
ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு
வேண்டாம், வேண்டாம் என்றார்.
என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.

பயப்படுகிறார் என்று பெயர்த்தேன்.